6. விசா நேர்காணலுக்கு முன் கோப்பைத் தயார் செய்தல்

கணவரோ மனைவியோ அமெரிக்காவில், நீங்கள் தமிழ்நாட்டில். ஐ-130 மனு ஒப்புதலாகிவிட்டது. வழக்கு தேசிய விசா மையத்துக்கு வந்து, 325 டாலர் விசா கட்டணமும் 120 டாலர் ஆதரவு உறுதிமொழிக் கட்டணமும் கட்டியாயிற்று. இந்த அத்தியாயம் அங்கிருந்து தொடங்குகிறது. மனு போடுவது பற்றி முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம்.

துணைவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் உங்களுடையது சிஆர்-1 அல்லது ஐஆர்-1. கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால் எஃப்-2ஏ. அதற்கு விசா புல்லட்டினில் உங்கள் தேதி திறக்க வேண்டும். ஆவணங்கள் மூன்று வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வழக்கு எண் பிஎம்பி என்று தொடங்கினால் நேர்காணல் மும்பையில், பாந்திரா குர்லா வளாகத்திலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். சுற்றுலா விசாவுக்குச் சென்னையில் வரிசையில் நின்ற அனுபவம் இதற்குப் பொருந்தாது.

கோப்பு கனமாக இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சில நிமிடங்களில் புரட்டுவார். உங்கள் பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி ஆகிய மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். ஆகவே வேலையையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர்: இனிஷியல் என்னும் தலைவலி

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. கவிதா என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகேசன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கவிதா மு". ஆதாரில் "கவிதா எம்". பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் முருகேசன். திருமணச் சான்றில் "மு. கவிதா". பிறப்புச் சான்றில் பெயர்க் கட்டமே காலி. ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். அதிகாரிக்குத் தாள்தான் தெரியும்.

1. ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இடப்பக்கம் ஆவணத்தின் பெயர், வலப்பக்கம் அதில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்பா, அம்மா, துணைவர் பெயர்களுக்கும் இப்படியே. முருகேசன் ஒரு தாளில் "ச"வுக்கு ஓர் எழுத்தும் இன்னொரு தாளில் இரண்டு எழுத்துமாக இருப்பார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பாஸ்போர்ட்டை அளவுகோலாக வையுங்கள். விசா அச்சாவது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான்.
3. திருத்தக்கூடியவற்றை, குறிப்பாகத் திருமணச் சான்றை, பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி திருத்துங்கள்.
4. திருத்த முடியாத பழைய பள்ளித் தாள்களுக்கு, "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரையே குறிக்கும்" என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். எல்லா வடிவங்களும் அதில் இருக்க வேண்டும்.
5. இணையவழி விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற கேள்விக்கு இந்த வடிவங்களைக் கொடுத்துவிடுங்கள். இல்லை என்று போட்டுவிட்டு நேர்காணலில் பிரமாணப் பத்திரத்தை நீட்டினால் ஒன்றுக்கொன்று முரணாகும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசா கிடைப்பதற்கு இது தடையில்லை. ஆனால் அங்கே போய் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பெயரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் டிஎஸ்-260 அனுப்பும் முன் செய்துவிடுங்கள்.

குறிப்பு: திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆசையிருந்தால், மனு போடும் முன் சேருங்கள், இல்லையென்றால் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழக்கு நடக்கும்போது நடுவில் மாற்றாதீர்கள்.

பிறப்புச் சான்று

உள்ளாட்சிப் பதிவாளர் தந்த சான்றாக இருக்க வேண்டும். மருத்துவமனை கொடுத்த தாள் பிறப்புச் சான்று ஆகாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, ஊர், அப்பா அம்மா பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நமக்கு வரும் கோளாறுகள் மூன்று. முதலாவது, பெயர் இல்லாத சான்று. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு, பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேயே பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள்.

இரண்டாவது, பதிவே இல்லாதது. வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சகஜம். பதிவேட்டில் தேடிப் பார்த்தோம், இல்லை என்று அந்த அலுவலகம் தரும் சான்றை வாங்குங்கள். அதோடு பத்தாம் வகுப்புச் சான்றும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த அப்பா, அம்மா அல்லது மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரமும் வையுங்கள். பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது. "பதிவு இல்லை" என்ற சான்று அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையில் தொல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றவில்லை என்று வாத்தியார் ஜூன் மாதத்துக்கு முன்னால் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அதுவே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் வழியாகப் பாஸ்போர்ட்டுக்கும் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிலோ நிஜத் தேதி. இரண்டு தேதியோடு மும்பைக்குப் போகாதீர்கள். முறையான பிறப்புச் சான்று இருந்தால் அதை வைத்துப் பாஸ்போர்ட்டைத் திருத்துவதே நல்லது. மாதக்கணக்கில் இழுக்கலாம், ஆகவே முதல் வேலையாகத் தொடங்குங்கள். பாஸ்போர்ட் தேதிக்குப் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒரு பிறப்புச் சான்று "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் கொடுத்தது தெரிந்தால் அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை விழும். அதை விலக்கக் கேட்கும் மனுவும் எளிதல்ல.

திருமணச் சான்று

கோயில் ரசீது, கல்யாண மண்டப பில், பத்திரிகை எல்லாம் துணைச் சான்றுகள். தூதரகத்துக்கு வேண்டியது பதிவாளர் சான்று. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தினராயினும் திருமணத்தைப் பதிய வேண்டும். திருமணம் நடந்து 90 நாளுக்குள் என்பது விதி, தாமதமானால் கூடுதல் கட்டணம். இந்துத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிந்த சான்றும் செல்லும். நிக்காஹ்நாமாவோ தேவாலயச் சான்றோ மட்டும் கையிலிருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து அந்தச் சான்றையும் சேருங்கள்.

திருமணத் தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். படிவங்களில் கேட்பது திருமணம் நடந்த தேதி. முதலில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, சில மாதம் கழித்துத் தாலி கட்டிய தம்பதிகள் இங்கே தடுமாறுகிறார்கள். ஐ-130இல் எந்தத் தேதியைப் போட்டீர்களோ அதுவே எங்கும் வர வேண்டும். கேட்டால் இரண்டு நிகழ்ச்சியையும் அப்படியே சொல்லுங்கள்.

இருவரில் ஒருவருக்கு முந்தைய திருமணம் இருந்திருந்தால், நீதிமன்ற முத்திரையிட்ட விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். அந்த முந்தைய துணைவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுத்த பிரிவுச் சீட்டை நம்பிப் போகாதீர்கள்.

காவல் துறைச் சான்று

16 வயது தாண்டிய எல்லோருக்கும் தேவை. இந்தியாவில் இதைப் பாஸ்போர்ட் சேவா மூலம், பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து வாங்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது உள்ளூர்க் காவல் நிலையம் சரிபார்த்துத் தரும் தாள் இதற்கு ஆகாது.

16 வயதுக்குப் பிறகு வேறொரு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதைக் கடைசி நேரத்தில் நினைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். கைரேகைத் தாள், பழைய விசா நகல் என்று ஒவ்வொரு நாடும் ஒன்று கேட்கும். அஞ்சலில் போய்வர நாளாகும். எந்த நாட்டில் எங்கே வாங்குவது என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் நாடுவாரியாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பும் நகலும்

தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரை, ஓரத்தில் உள்ள குறிப்பு, பதிவு எண் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். பெயர்களைப் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். தட்டச்சுக் கடையில் அவர்களாக ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டால் நாம் மேலே பட்ட பாடெல்லாம் வீண்.

எச்சரிக்கை: பத்திரமாக இருக்கட்டும் என்று சான்றிதழ்களை லேமினேஷன் செய்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மூலப் பிரதியின் முத்திரையையும் தாளையும் அதிகாரி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றோ திருமணச் சான்றோ லேமினேஷனில் இருந்தால் பிரிக்க முயன்று கிழித்துவிடாதீர்கள். அலுவலகத்தில் புதிதாக ஒரு சான்றிட்ட பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதரவு உறுதிமொழி: ஐ-864

இது அமெரிக்காவில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அதைக் கையில் எடுத்துப் போகப்போவது நீங்கள். ஆகவே நீங்களும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.

வருமானம், அந்நாட்டின் வறுமை வழிகாட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில் இருவர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 26,437 டாலர். இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். ஆட்கணக்கில் உங்களையும் சேர்க்க வேண்டும். முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும்.

உறுதிமொழியோடு வைக்க வேண்டியவை:

1. கடைசி ஆண்டின் வருமான வரி விவரப் பட்டியல். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.
2. டபிள்யூ-2 படிவம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், வேலை பார்க்கும் நிறுவனத்தின் கடிதம்.
3. குடியுரிமைச் சான்று அல்லது கிரீன் கார்டின் நகல்.

நேர்காணல் ஏப்ரல் 15க்குப் பிறகு விழுந்தால் புதிய ஆண்டு வரிக்கணக்கையும் எடுத்துப் போங்கள். இன்னொன்று: திருமணமான ஆண்டில் துணைவர் பழைய பழக்கத்தில் "திருமணமாகாதவர்" என்று வரி தாக்கல் செய்திருப்பார். திருமணச் சான்று ஒன்று சொல்ல, வரித்தாள் வேறு சொல்லும். நேர்காணலுக்கு முன்பே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து அதன் நகலை வைப்பது நல்லது.

வருமானம் பற்றவில்லை என்றால் இரண்டு வழி. சேமிப்பையும் சொத்தையும் காட்டலாம். குடிமகனின் துணைவருக்கு, குறைகிற தொகையைப்போல் மூன்று மடங்கு வேண்டும். அல்லது அங்கே இருக்கும் சித்தப்பாவோ நண்பரோ கூட்டு ஆதரவாளராகத் தனி ஐ-864 போடலாம். அவரிடம் கேட்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கையெழுத்து சும்மா இல்லை. நீங்கள் குடியுரிமை பெறும் வரையோ, 40 காலாண்டு வேலை பார்த்த கணக்கு சேரும் வரையோ அந்தப் பொறுப்பு தொடரும். விவாகரத்தானாலும் நிற்காது.

உறவு உண்மையானது என்பதற்கு

இங்கேதான் பைக்குள் அடங்காத ஆல்பங்களோடு மும்பைக்கு ரயிலேறுகிறார்கள். வேண்டாம். இருபது முப்பது படம் தாராளமாகப் போதும், ஆனால் காலவரிசையில் இருக்க வேண்டும். பெண் பார்த்தது அல்லது முதலில் சந்தித்தது, நிச்சயதார்த்தம், திருமணம், அதன்பின் அவர் வந்து போனபோது எடுத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். தம்பதி மட்டும் நிற்கும் ஸ்டூடியோ படத்தைவிட, இரு வீட்டுப் பெரியவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் படத்துக்கு மதிப்பு அதிகம். உறவும் ஊரும் தெரிந்து நடந்த கல்யாணம் என்பதை அது காட்டுகிறது.

அடுத்தது, திருமணத்துக்குப் பிறகான தொடர்பு. விமானச் சீட்டும் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைகளும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, காப்பீட்டிலோ ஓய்வூதியக் கணக்கிலோ உங்களை வாரிசாகப் போட்ட தாள், கூட்டுக் கணக்கு இருந்தால் அது. வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக அச்சிட வேண்டியதில்லை. மாதத்துக்கு ஓரிரு பக்கம், தேதி தெரியும்படி. அழைப்புப் பட்டியலும் அப்படியே.

எச்சரிக்கை: தூதரகத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. "படமெல்லாம் போனில் இருக்கிறது" என்பவர்கள் வெறுங்கையோடுதான் ஜன்னலுக்குப் போவார்கள். எதுவானாலும் அச்சில் இருக்கட்டும்.

உறவில் வழக்கத்துக்கு மாறான ஏதாவது இருந்தால், உதாரணமாக வயது வித்தியாசம், அவசரக் கல்யாணம், வீட்டுக்குத் தெரியாமல் நடந்த திருமணம், அதை மறைக்காமல் அதற்கான சான்றைக் கூடுதலாக வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனை

தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும். குடும்ப மருத்துவரின் சான்று செல்லாது. நேர்காணல் தேதி வந்ததும் நேரம் வாங்குங்கள். பாஸ்போர்ட், நேர்காணல் கடிதம், புகைப்படம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு போக வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் சில தடுப்பூசிகளை அங்கேயே மறுபடி போடுவார்கள்.

கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த வளர்ப்புச் சோதனை முடிவுக்கு மட்டும் எட்டு வாரம் பிடிக்கும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் சிகிச்சைத் தாள்களைத் தேடி எடுத்துப் போங்கள். கருவுற்றிருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மிகவும் முன்கூட்டிப் போவதும் சரியல்ல. பரிசோதனை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் காலமும் அதைத் தாண்டாது.

அறிக்கையை ஒட்டிய உறையில் கொடுத்தால் பிரிக்கக் கூடாது.

கோப்பை அடுக்கும் முறை

இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று கேட்டால் கொடுக்க. மற்றொன்று முழு நகல், தங்கும் அறையிலேயே இருக்கட்டும்.

1. நேர்காணல் கடிதம், டிஎஸ்-260 உறுதிப் பக்கம், கைரேகை மையத்தின் நேர உறுதி.
2. பாஸ்போர்ட். பயணத் தேதிக்குப் பின் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளும். வெள்ளைப் பின்னணியில் கண்ணாடி அணியாத 2 அங்குலச் சதுரப் படம் இரண்டு.
3. பிறப்பு, திருமணம், காவல் துறைச் சான்றுகள். ஒவ்வொன்றிலும் மூலம், அடியில் மொழிபெயர்ப்பு, அடியில் நகல்.
4. பெயர் தொடர்பான பிரமாணப் பத்திரம்.
5. மருத்துவ உறை, கொடுத்திருந்தால்.
6. ஐ-864 கட்டு.
7. உறவுச் சான்றுகள்.

ஸ்டேப்ளர் வேண்டாம், பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொரு தாளையும் திணிக்கவும் வேண்டாம். அதிகாரி கேட்ட தாளை அரை நிமிடத்தில் எடுக்க முடிகிறதா என்று வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லி எடுத்துப் பாருங்கள்.

இணையத்தில் ஏற்கெனவே ஏற்றிய ஆவணங்களின் மூலங்களைத்தான் நேர்காணலில் கேட்பார்கள். ஏற்றியது ஒன்று, கொண்டுபோவது வேறொன்று என்றிருந்தால், ஏன் மாறியது என்று சொல்ல ஒரு வரி தயாராக இருக்கட்டும்.

கட்டணத்தைப் பற்றி: விசாவுக்கான பணத்தை அரசின் இணையதளம் கேட்கும் வழியில் மட்டும் கட்டுங்கள். "தூதரகத்திலிருந்து பேசுகிறோம், தேதியை முன்னுக்குக் கொண்டுவருகிறோம், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பு மோசடி. மூல ஆவணங்களை எந்த ஏஜென்டிடமும் விட்டுவைக்காதீர்கள்.

தாள் குறைந்தால்

221(ஜி) என்று குறித்த தாளை அதிகாரி கொடுத்தால் பதறாதீர்கள். கோப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். எது வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். கேட்டதை மட்டும், கேட்ட முறையில், ஒரே தடவையில் அனுப்புங்கள்; பாதி இன்று பாதி அடுத்த வாரம் என்று அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போகும். ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் முடங்கும்.

விசா கையில் வந்ததும்

1. பெயர், பிறந்த தேதி, விசா வகை, காலாவதி தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் பயணச் சீட்டு எடுக்கும் முன்பே தூதரகத்துக்கு எழுதுங்கள்.
2. கிரீன் கார்டு தயாரிப்புக்கான 235 டாலர் கட்டணத்தை யுஎஸ்சிஐஎஸ் தளத்தில், புறப்படும் முன் கட்டுங்கள்.
3. ஒட்டிய பொதி கொடுத்திருந்தால் அதைப் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.
4. உள்ளே நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான் வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரமே இருந்து, விசாவின் காலமும் இடம் கொடுத்தால், பயணத்தை அந்த நாளுக்குப் பின் வையுங்கள். அப்போது விமான நிலையத்தில் சிஆர்-1 வகையை ஐஆர்-1 என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். திருமணச் சான்று கையில் இருக்கட்டும்.